வீட்டில் காற்றுத் திறப்புகளை எங்கே வைக்க வேண்டும்?

சுவர் லிண்டல் மட்டத்தை, அதாவது கதவு ஜன்னல்களுக்கு மேலே போடும் கான்கிரீட் விட்டத்தின் மட்டத்தை, தாண்டும் நாளில் கொத்தனார், "எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு எங்க சார் ஓட்டை விடணும்?" என்று கேட்பார். வீட்டுக்காரர் அடுப்பு மேடைக்கு மேலே ஏதோ ஓர் இடத்தைக் கையால் காட்டுவார். ஒன்பது அங்குலச் சதுரம் ஒன்று விடப்படும். பேச்சு அத்துடன் முடிந்துவிடும். குடிபுகுந்து ஆறு மாதம் கழிந்த பிறகுதான் மீன் பொரித்த வாடை படுக்கையறைத் தலையணை வரை வந்திருப்பதும், குளியலறைக் கதவின் அடிப்பகுதி ஈரத்தில் உப்பியிருப்பதும், ஏசி ஓடும் அறையில் காலையில் எழும்போது தலை கனப்பதும் தெரியவரும். இம்மூன்றிலும் விசிறி பெரும்பாலும் நன்றாகவே சுழன்றுகொண்டிருக்கும். திறப்பு இருக்கும் இடம்தான் தவறியிருக்கும்.

இக்கட்டுரை தமிழ்நாட்டின் சமவெளியிலும், குறிப்பாகக் கடலோர ஊர்களிலும், புதிதாக வீடு கட்டுபவர்களுக்கும் பழைய வீட்டைத் திருத்துபவர்களுக்கும் எழுதப்படுகிறது. தொடங்குவதற்கு வீட்டு வரைபடத்தின் ஒரு நகல், திசைகாட்டி உள்ள கைபேசி, அளவு நாடா, ஒரு கட்டு ஊதுபத்தி ஆகியவை போதும். ஊதுபத்தி எதற்கு என்பது கடைசியில் தெரியும்.

காற்றின் வழியை வரைபடத்தில் குறித்தல்

முதல் வேலை, துளை எங்கே என்று யோசிப்பதை நிறுத்திவிட்டு, காற்று எங்கே நுழைந்து எவ்வழியாக நடந்து எங்கே வெளியேற வேண்டும் என்பதை வரைபடத்தில் அம்புக்குறிகளாக வரைவதாகும். ஒரு விசிறி ஒரு மணி நேரத்தில் எவ்வளவு காற்றை வெளியே தள்ளுகிறதோ அவ்வளவு காற்று வேறெங்கிருந்தாவது உள்ளே வந்தே ஆக வேண்டும். வருவதற்கு வழி இல்லையென்றால் விசிறி சத்தம் மட்டும் போடும், காற்றைத் தள்ளாது. ஆகவே வெளிவழியைவிட உள்வழியை முதலில் முடிவு செய்வது நல்லது. மக்கள் உட்காரும், உறங்கும் அறைகளில் காற்று நுழைய வேண்டும். புகை, நீராவி, நாற்றம் உண்டாகும் அறைகளில் அது வெளியேற வேண்டும். கூடத்திலும் படுக்கையறைகளிலும் வெளியிலிருந்து உள்நோக்கிய அம்பு, அங்கிருந்து நடை வழியாகச் சமையலறைக்கும் குளியலறைக்கும் போகும் அம்பு, அவ்விரண்டிலிருந்தும் வெளிநோக்கிய அம்பு என்று வரைந்துவிட்டால், பாதி முடிவுகள் தாமாகவே அமைந்துவிடும்.

உள்வழியும் வெளிவழியும் ஒன்றையொன்று பார்த்தபடி, இடையில் முழு அறையும் கிடக்கும்படி அமைய வேண்டும். இதில் எனக்கே ஒரு பாடம் உண்டு. எங்கள் சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேனை ஜன்னலுக்கு நேர் மேலே, ஒன்றரை அடி உயரத்தில் வைத்திருந்தோம். ஜன்னலைத் திறந்து வைத்து விசிறியைப் போட்டால் ஜன்னலில் நுழைந்த காற்று அப்படியே மேலேறி விசிறி வழியாக வெளியே போய்விடும். எதிர்ச்சுவரோரம் இருந்த அடுப்பின் புகை அசையாமல் நிற்கும். ஜன்னலை மூடி, கூடத்துப் பக்கக் கதவைத் திறந்த பிறகுதான் புகை விசிறியை நோக்கி நகரத் தொடங்கியது. காற்று எப்போதும் குறுக்கு வழியைத்தான் தேடும். அந்தக் குறுக்கு வழியை அடைப்பதும் இந்த வேலையில் ஒரு பகுதி.

திசை

நம் முன்னோர் காற்றுக்கு வெறும் திசைப் பெயர் சொல்லாமல் தனிப்பெயர் வைத்திருந்தார்கள்: கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து வருவது தென்றல், மேற்கிலிருந்து வருவது கோடை, வடக்கிலிருந்து வருவது வாடை. வீட்டு வரைபடத்தின் நான்கு விளிம்பிலும் இந்த நான்கு பெயர்களை எழுதி, அவற்றுக்குப் பக்கத்தில் நம் ஊரில் அந்தக் காற்று எந்த மாதத்தில், எந்த நேரத்தில் வருகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். சென்னை, புதுச்சேரி, கடலூர் போன்ற ஊர்களில் கோடைக்காலப் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ நுழையும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குக் காற்றின் கை ஓங்கியிருக்கும். அது வலுத்த நாட்களில் கடற்காற்று தாமதமாக வரும், சில நாட்களில் வராமலே போகும். பாலக்காட்டுக் கணவாய்க்கு நேரே இருக்கும் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கங்களிலும், செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களின் வாயிலும் அதே மாதங்களில் மேற்குக் காற்று அம்மியைப் பறக்க வைக்கும் வேகத்தில் வீசும். அங்கே மேற்குச் சுவரில் வெளியேற்றும் விசிறியை வைப்பது ஆற்று வெள்ளத்தை எதிர்த்து நீந்தச் சொல்வது போன்றது.

காற்று மோதும் சுவரில் அழுத்தம் கூடும், அதற்கு எதிர்ப்புறச் சுவரில் அழுத்தம் குறையும். ஆகவே காற்று மோதும் பக்கத்தில் உள்வழியும், அதற்கு எதிர்ப்புறமோ பக்கவாட்டிலோ வெளிவழியும் இருந்தால், மின்சாரம் இல்லாத நேரத்திலும் வீடு ஓரளவு மூச்சு விடும்.

இங்கேதான் வாஸ்துவும் கடற்காற்றும் மோதிக்கொள்கின்றன. அக்கினி மூலை என்று தென்கிழக்கில் சமையலறையை அமைப்பது நம்மிடம் பரவலான வழக்கம். கடலோரத்தில் பிற்பகலிலும் மாலையிலும் காற்று அதே மூலையிலிருந்துதான் வருகிறது. விளைவாக மாலைச் சமையலின் புகையும் தாளிப்பின் நெடியும் காற்றோடு சேர்ந்து வீடு முழுவதும் பரவும். கிழக்குச் சுவரில் வைத்த விசிறியோ எதிர்க்காற்றில் திணறும். சமையலறையை வடமேற்குக்கு மாற்றலாம் என்று சொன்னால் வீட்டில் பெரியவர்கள் ஒப்புக்கொள்ளக்கூடும், ஒப்புக்கொள்ளாமலும் போகலாம். அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. மூலையை மாற்ற முடியாதவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு. காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்தே வரும் இடமானால், விசிறியைக் கிழக்குச் சுவரிலிருந்து தெற்குச் சுவருக்கு மாற்றலாம். புகைக்குழாயை மேலே கொண்டுபோய் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேல் முடிக்கலாம்; இது செலவானாலும் மிகச் சிறந்தது. இரண்டும் முடியாவிட்டால், விசிறியின் வெளிவாயில் எதிர்க்காற்றில் தானாக மூடிக்கொள்ளும் மடிப்புத் தகடுகளைப் பொருத்தி, சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே கட்டாயம் ஒரு கதவு வைக்க வேண்டும். கதவில்லாத திறந்த சமையலறை இந்த மூலையில் எனக்குத் தெரிந்து யாருக்கும் நிம்மதி தந்ததில்லை.

அளவு

தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016, கதவுகளைச் சேர்க்காமல், வாழும் அறையின் ஜன்னல், வென்டிலேட்டர் பரப்பு வெப்பமும் ஈரமும் கூடிய பகுதிகளில் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்றும், வறண்ட வெப்பப் பகுதிகளில் பத்தில் ஒரு பங்கு போதும் என்றும் சொல்கிறது. பன்னிரண்டுக்குப் பதினைந்து அடி கூடம் 180 சதுர அடி. கடலோரத்தில் அதற்கு 30 சதுர அடித் திறப்பு வேண்டும். நகர்த்தும் ஜன்னலில் ஒரு பாதிதான் திறக்கும் என்பதால், கணக்கில் திறக்கும் பாதியை மட்டுமே சேர்க்க வேண்டும். இதை மறந்துவிட்டு ஆறடி அகல ஜன்னல் வைத்துவிட்டோம் என்று மகிழ்பவர்கள் பலர்.

விசிறிக்கான கணக்கு வேறு. அறையின் கன அளவை, அதன் காற்று ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மாற வேண்டும் என்ற எண்ணால் பெருக்க வேண்டும். எட்டுக்குப் பத்து அடி, பத்தடி உயரச் சமையலறை 800 கன அடி. நம் தாளிப்புச் சமையலுக்கு மணிக்கு 15 முறை என்று வைத்தால் 12,000 கன அடி, அதாவது நிமிடத்துக்கு 200 கன அடி. கடைகளில் வழங்கும் அலகில் மணிக்குச் சுமார் 340 கன மீட்டர். பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண், எந்தத் தடையும் இல்லாமல் சுழலும்போது கிடைப்பது. வலை, மடிப்புத் தகடு, குழாய் ஆகியவற்றைத் தாண்டிய பின் அது குறையும். எனவே இந்தச் சமையலறைக்கு 500 கன மீட்டருக்கு அருகில் எழுதியுள்ள விசிறியை வாங்குவது பொருத்தம். ஐந்துக்கு எட்டு அடி, ஒன்பதடி உயரக் குளியலறைக்கு மணிக்கு 8 முறை என்று கணக்கிட்டால் நிமிடத்துக்கு 48 கன அடி வருகிறது. அமெரிக்காவின் ஆஷ்ரே பொறியாளர் சங்கம் வீட்டுக் காற்றோட்டத்துக்கு வகுத்த 62.2 தரநிர்ணயம், தேவைப்படும்போது மட்டும் ஓடும் குளியலறை விசிறிக்கு நிமிடத்துக்கு 50 கன அடி என்று வைத்திருப்பதும் இதையொட்டியே உள்ளது. ஆறு அங்குல விசிறி அதற்குத் தாராளம்.

உள்வழியின் பரப்பு விசிறி வாயின் பரப்புக்குக் குறையாமலும், முடிந்தால் இருமடங்காகவும் இருக்க வேண்டும். எட்டு அங்குல விசிறியின் வாய் ஏறத்தாழ 50 சதுர அங்குலம். உள்வழி 100 சதுர அங்குலம் என்று கொள்வோம். ஆனால் சாய்தகடும் (லூவர்) கொசுவலையும் திறப்பின் பெரும்பகுதியை விழுங்கிவிடும் என்பதால் சுவரில் விடும் துளை அதைப் போல் இரண்டு மடங்கு, அதாவது இருபதுக்குப் பத்து அங்குலம் இருப்பது பாதுகாப்பு.

சமையலறை

வெளியேற்றும் விசிறியின் மேல் விளிம்பு கூரைக்கு ஓரடிக்குள் இருக்கட்டும். சூடான புகை அங்கேதான் தேங்கும். அடுப்புக்கு அருகிலான வெளிச்சுவரில் வையுங்கள். ஆனால் பர்னருக்கு நேர் மேலே வேண்டாம், விசிறியில் படியும் எண்ணெய் ஒருநாள் சட்டியில் சொட்டும். அறைக்குள் நுழையும் கதவு எந்தச் சுவரில் இருக்கிறதோ அதற்கு எதிர்ச்சுவர் கிடைத்தால் அதுவே சிறந்த இடம். சிம்னி வைப்பவர்கள் அதன் அடிப்பகுதியை அடுப்பிலிருந்து 65 முதல் 75 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்து, ஆறு அங்குலக் குழாயை முடிந்தவரை நேராகவும் நீளம் குறைவாகவும் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு வளைவும் இழுவையைக் குறைக்கும். துருத்தி போல் நீளும் அலுமினியக் குழாயை இழுத்து நீட்டாமல் சுருங்கிய நிலையிலேயே விட்டுவிட்டு மேலே லாஃப்டுக்குள் மறைப்பது இன்னும் குறைக்கும். குழாயே இல்லாமல் கரி வடிகட்டி வழியாகக் காற்றை அறைக்கே திருப்பிவிடும் சிம்னியைக் காற்றோட்ட ஏற்பாடாகக் கணக்கில் கொள்ள வேண்டாம். அது நாற்றத்தைக் குறைக்கும், வெப்பத்தையும் ஈரத்தையும் அப்படியே விட்டுவிடும்.

விசிறியின் வெளிப்புறத்தில் புறாவும் அணிலும் புகாதபடி அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலை போதும். நுண்ணிய கொசுவலையை அங்கே கட்டினால் எண்ணெய்ப் பசை ஒட்டிச் சில வாரங்களில் அது தகடாகிவிடும்.

சமையலறையில் தரையோரத்திலும் ஒரு திறப்பு தேவை என்பதைப் பலர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள். சிலிண்டரில் வரும் எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் மேலேறாமல் தரையில் தண்ணீர் போலப் பரவித் தாழ்வான இடத்தில் தேங்கும். கூரையோரத்து வென்டிலேட்டர் அதற்குச் சிறிதும் உதவாது. ஆகவே சிலிண்டர் இருக்கும் வெளிச்சுவரில், தரையிலிருந்து ஒரு சாணுக்குள், மூட முடியாத சாய்தகடு வைத்த திறப்பு ஒன்று இருக்க வேண்டும்; அதற்கு வெளியே தரை மட்டத் தொட்டியோ சாக்கடைக் குழியோ இருக்கக் கூடாது. குழாய் வழியாக வீட்டுக்கு வரும் இயற்கை எரிவாயு இதற்கு நேர்மாறானது. அது பெரும்பாலும் மீத்தேன், காற்றைவிட இலேசானது, கூரையோரம் சேரும். சிலிண்டரிலிருந்து குழாய்க்கு மாறும் வீடுகள் மேல்திறப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எது கசிந்தாலும் எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சைத் தொடக் கூடாது. சுவிட்சில் தோன்றும் சிறு பொறி போதும். ரெகுலேட்டரை அடைத்து, கதவு ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்த பிறகு அழைக்க வேண்டும், எல்.பி.ஜி. கசிவுக்கான அவசர எண் 1906.

குளியலறை, கழிப்பறை

விசிறி குளிக்கும் இடத்துக்கு அருகில், கதவிலிருந்து விலகி, கூரையோரம். உள்வழி கதவின் அடியில். இதில் கதவுக்கு அடியிலான இடைவெளியைத்தான் நம் தச்சர்கள் மதிப்பதில்லை. இரண்டரை அடிக் கதவுக்கு முக்கால் அங்குல இடைவெளி விட்டாலும் 22 சதுர அங்குலத்துக்குச் சற்று மேல்தான் கிடைக்கும், ஆறு அங்குல விசிறியின் வாயோ 28 சதுர அங்குலம். ஆகவே கதவின் கீழ்ப்பகுதியில் சாய்தகடு வைத்த கதவாகக் கேட்டு வாங்குவது மேல். ஃபால்ஸ் சீலிங் போட்டவர்கள் விசிறி அதற்குக் கீழே இருக்கிறதா, அல்லது அதற்கு மேலுள்ள இருட்டில் ஈரத்தை ஊதிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுக்குமாடிகளில் பெரும்பாலும் எல்லாக் கழிப்பறைகளும் ஒரே ஓ.டி.எஸ். குழிக்குள், அதாவது கட்டடத்தின் நடுவே வானம் பார்க்க விடப்பட்ட குறுகிய வெளிக்குள், திறக்கும். அங்கே மடிப்புத் தகடு இல்லாத விசிறி வைத்தால், நம் விசிறி நின்றிருக்கும்போது கீழ்வீட்டுக்காரரின் பீடிப்புகை நம் வீட்டுக்கு விருந்தாளியாக வரும்.

குளியலறைக்குள் எரிவாயு கீசர் இருந்தால் மேற்கொண்டு எதையும் யோசிக்கும் முன் அதை வெளியே மாற்றுங்கள். மூடிய சிறு அறையில் அது எரியும்போது உயிர்வளி குறைந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பதும் ஆபத்து. புகைக்குழாய் வழியாக வெளியேற வேண்டிய வாயுவை விசிறி அறைக்குள்ளேயே திருப்பி இழுத்துவிடக்கூடும்.

ஏசி போட்ட படுக்கையறை

ஸ்பிளிட் ஏசி அறையில் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. வெளியே பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 420 பங்காக இருக்கும் கார்பன் டைஆக்சைடு, இருவர் உறங்கும் மூடிய அறையில் விடிவதற்குள் ஆயிரத்தைத் தாண்டிவிடும். காலைத் தலைக்கனத்துக்கு இது ஒரு காரணம்.

இதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. ஆஷ்ரே 62.2இன் சூத்திரத்தை எடுத்துக்கொண்டால், 1,000 சதுர அடியும் இரண்டு படுக்கையறையும் உள்ள வீட்டுக்கு நிமிடத்துக்குச் சுமார் 52 கன அடி வெளிக்காற்று போதும். அது ஒரு குளியலறை விசிறி தரும் அளவுதான். ஆகவே சத்தமில்லாத சிறு விசிறி ஒன்றைக் குளியலறையில் இரவு முழுதும் மெதுவாக ஓடவிட்டு, ஒவ்வொரு படுக்கையறையின் வெளிச்சுவரிலும் நான்கு அங்குலப் பி.வி.சி. குழாய் ஒன்றை வலையும் மூடியும் வைத்துப் பொருத்திவிட்டால் வீடு முழுவதற்கும் காற்றோட்டம் அமைந்துவிடும். குழாயின் உள்வாய் தலைமாட்டுக்கு மேலே வேண்டாம். கட்டிலிலிருந்து விலகி, ஏழடி உயரத்தில் இருக்கட்டும். ஏசியின் குளிர்காற்று நேராகப் படும் இடமும் வேண்டாம். வெளியிலிருந்து வரும் ஈரக்காற்று குளிர்ந்த மேற்பரப்பில் பட்டவுடன் வியர்த்துச் சுவர் வழியே சொட்டும். கடலோரத்தில் தேவைக்கு மேல் வெளிக்காற்றை இழுத்தால் ஏசி அந்த ஈரத்தைப் பிழிவதற்கே மின்சாரத்தைச் செலவிடும் என்பதால் குழாயின் மூடி கூட்டிக் குறைக்கத் தக்கதாக இருப்பது நல்லது.

வெளிச்சுவரில் இந்த உள்வழிகளைக் குறிக்கும்போது சமையலறை வெளிவழி, ஓ.டி.எஸ். குழி, வண்டி நிறுத்துமிடம், ஜெனரேட்டர் ஆகியவற்றிலிருந்து பத்தடியாவது தள்ளி இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். கழிவுத்தொட்டியின் காற்றுக்குழாய் மொட்டை மாடிக்கு மேலே உயர்ந்து முடிய வேண்டும். ஜன்னல் உயரத்தில் அதை வெட்டிவிட்டுப் போகும் பழக்கத்துக்கு இடம் கொடுக்க வேண்டாம்.

எல்லாவற்றையும் மூடிக்கொண்டு ஏசி போடும் வீட்டில் மணிக்கு ஆயிரம் கன மீட்டர் இழுக்கும் சிம்னியை ஓடவிட்டால் காற்றுக்கு வழியில்லாமல், தண்ணீர் வற்றிய குளியலறைத் தரை வடிகால் (ஃப்ளோர் டிராப்) வழியாகச் சாக்கடை வாடையை இழுத்துக்கொண்டு வரும். சிம்னி ஓடும்போது சமையலறையில் ஒரு ஜன்னலைக் கைப்பிடி அகலம் திறந்து வைக்க வேண்டும். அந்த ஜன்னல் அடுப்புக்கு அப்பால், எதிர்மூலையில் இருக்க வேண்டும்.

மாடிப்படி

சூடான காற்று மேலேறும் என்பதால் மாடிப்படியின் தலையறை வீட்டிலேயே மிகச் சிறந்த இயற்கைப் புகைப்போக்கி. அதன் உச்சியில், காற்று மோதாத பக்கத்துச் சுவரில், சாய்தகடு வைத்த திறப்பு ஒன்றும் கீழ்த்தளத்தில் நிழலான பக்கத்தில் ஒரு ஜன்னலும் இருந்தால், உயர வித்தியாசமே காற்றை இழுக்கும். செட்டிநாட்டு வீடுகளின் வளவும் முற்றமும் செய்த வேலையில் ஒரு பங்கை இது செய்யும்.

துளை போடுதல்

புதிய வீட்டில் பூச்சு வேலைக்கு முன்பே குழாயைச் சுவரில் பதித்துவிட வேண்டும். பழைய வீட்டில் சுத்தியலும் உளியும் வேண்டாம். கோர் கட்டிங் செய்பவரை அழைத்தால் ஒன்பது அங்குலச் சுவரில் வட்டமாக வெட்டித் தருவார். தூண், பீம், லிண்டல் மூன்றையும் தொடக் கூடாது. துளையின் விளிம்பு லிண்டலுக்குக் குறைந்தது ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். குழாய் வெளிப்புறம் சற்றுத் தாழ்ந்து சாய வேண்டும், இல்லையெனில் மழைநீர் உள்ளே வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை வடகிழக்கிலிருந்து சாரலடிக்கும் ஊர்களில், வடக்கு, கிழக்குச் சுவரின் திறப்புகளுக்கு மற்றவற்றைவிட ஆழமான சன்ஷேடு வேண்டும்.

சோதனை

எல்லா ஜன்னல்களையும் மூடி, வைத்த உள்வழிகளை மட்டும் திறந்து, விசிறிகளை ஓடவிட்டு, ஊதுபத்தியைக் கொளுத்தி ஒவ்வொரு உள்வழியின் முன்னும் கதவின் அடியிலும் பிடித்துப் பாருங்கள். கூரை மின்விசிறிகளை நிறுத்திவிட வேண்டும். புகை வரைபடத்தில் நாம் வரைந்த அம்பின் திசையிலேயே போனால் சரி. ஓர் இடத்தில் புகை நேராக மேலே எழுந்தால் அங்கே காற்று நகரவில்லை; அதற்கு முந்தைய கதவின் அடி இடைவெளியைக் கூட்ட வேண்டும். அம்புக்கு எதிராக, குளியலறையிலிருந்து படுக்கையறைக்குப் புகை வந்தால், வேறெங்கோ அதைவிடப் பெரிய விசிறி இழுக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அது சிம்னியாக இருக்கும். இதே சோதனையைக் காலையில் ஒருமுறையும், கடற்காற்று வந்தபிறகு மாலை ஐந்து மணிவாக்கில் ஒருமுறையும் செய்யுங்கள். காலையில் சரியாக இருந்த சமையலறை மாலையில் எதிராகப் போவதுண்டு. அப்படிப் போனால் முதலில் பார்க்க வேண்டியது கிழக்குச் சுவரின் மடிப்புத் தகடுகள் எண்ணெயில் ஒட்டிக்கொண்டு மூடாமல் நிற்கின்றனவா என்பதைத்தான்.